ஒன்பதாம் நம்பர் சிலையின் இடது காது

காடைமலையில் இலையுதிர்காலம் என்று ஒன்று முன்பு கிடையாது. வெயில் காலம் உண்டு, கொடும் வெயில் காலம் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் வருகிற காலம் உண்டு. இந்த மூன்றையும் வைத்து ஊர் ஒருவழியாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தபோதுதான் நகராட்சித் தலைவர் பூவலிங்கம், குப்பை அள்ளுவது எப்படி என்று தெரிந்துகொண்டு வர ஒரு குளிர்நாட்டுக்குப் போய்ப் பதினேழு நாள் இருந்துவிட்டு வந்தார். குப்பையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அங்கே ஐப்பசி மாதத்தில் மரமெல்லாம் மஞ்சளாகிச் சிவப்பாகி இலை கொட்டும் என்றும், பெரிய பூங்காக்களில் சிலைகளுக்கு நடுவே புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்துக்கொண்டு அந்தச் சருகை மிதித்து நடப்பார்கள் என்றும், அதைப் பார்த்துத் தன் கண் கலங்கிவிட்டது என்றும்தான் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். அடுத்த கூட்டத்திலேயே, ஆண்டுதோறும் ஐப்பசி மாதம் நகராட்சி எல்லைக்குள் இலையுதிர்காலம் கடைப்பிடிக்கப்படும் என்று தீர்மானம் வந்தது. ஆட்சேபிக்க வேண்டிய எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்து எதிர்க்கடையில் வடை தின்றுகொண்டிருந்ததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மரங்கள் தீர்மானத்தை மதிக்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் மழை வந்தது, மழை வந்ததும் வேம்பும் புங்கையும் வாகையும் முன்னைவிடப் பச்சையாகத் தழைத்து நின்று நகராட்சியைக் கேலி செய்தன. ஆனால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சிற்பப் பூங்காவின் முப்பத்திரண்டு கற்சிலைகளும் அரசாங்கச் செலவில் செதுக்கப்பட்டு, அரசாங்கக் கையால் திறந்து வைக்கப்பட்டு, அரசாங்கச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டு நிற்பவை. மேலிடத்து உத்தரவை மீறிப் பழக்கமில்லாதவை. இலை இல்லாத குறைக்குத் தங்களிடம் இருந்த காதை உதிர்த்தன. ஏன், மூக்கு உதிரக் கூடாதா என்று கேட்பவர்கள் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். மூக்கையெல்லாம் திறப்பு விழா முடிந்த ஆறாம் மாதமே கிரிக்கெட் பந்து கொண்டுபோய்விட்டது. விரல்களைப் படம் எடுப்பதற்காகத் தொங்கியவர்கள் கொண்டுபோனார்கள். மிச்சம் இருந்தது காதுதான்.

முதல் காதைக் கண்டெடுத்தவள் பூங்காவைக் கூட்டுகிற மாரிக்கனி. காலையில் பாக்குமட்டைத் தட்டும் பாலித்தீன் பையுமாகக் கூட்டிக்கொண்டு வருகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல் காது கிடந்தது. சட்டி வாங்கும்போது கீறல் உண்டா என்று காதோரம் வைத்துத் தட்டிப் பார்ப்பாளே, அந்தப் பழக்கத்தில் அதையும் எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளே தலைவர் பூவலிங்கத்தின் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, "குளத்தை மூடியாச்சுன்னா அப்புறம் குளம்னு ஒண்ணு இருந்துச்சுன்னு எவன்யா சொல்லப் போறான்" என்றது. மாரிக்கனி பயப்படவில்லை, கத்தவில்லை. "இது ஊருக்கே தெரிஞ்ச சேதி, இதையா இத்தனை வருஷம் பொத்தி வச்சிருந்தே?" என்று சிலையைப் பார்த்து அலுத்துக்கொண்டாள். காதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த சிலைக்குக் கூட்டப் போனாள்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. கல் எப்படிப் பேசும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தக் கல், யார் பேச்சு என்றுதான் கேட்டார்கள். ஒரு காதுக்கு ஒரே ஒரு பேச்சு, அது எந்தப் பேச்சு என்பது காதின் இஷ்டம். உதிர்ந்த காது திரும்ப முளைக்காது. வருஷத்துக்கு ஐந்தாறு சிலைகள் உதிர்க்கும். உதிர்க்கப்போகிற சிலைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் காதோரம் மயிரிழையாக ஒரு கோடு விழும். இவ்வளவையும் இரண்டே வருஷத்தில் ஊர் தெரிந்துகொண்டது. ஒரு காதால் இரண்டு நிச்சயதார்த்தம் நின்றது; இன்னொரு காதால் பதினைந்து வருஷமாகப் பேசாதிருந்த அண்ணனும் தம்பியும் சேர்ந்தார்கள், சேர்ந்த கையோடு மூன்றாவது தம்பியை ஒதுக்கி வைத்தார்கள். காதலர்கள் சிலைப் பக்கத்தை விட்டுவிட்டு, 'என்னைப் பயன்படுத்துங்கள்' என்று வாயைப் பிளந்து நிற்கிற பிளாஸ்டிக் பென்குவின் குப்பைத்தொட்டிகளின் பக்கம் குடிபெயர்ந்தார்கள். நாற்றத்தைப் பொறுக்கலாம், சாட்சியைப் பொறுக்க முடியுமா? மாமியார்கள் மூன்றாம் நம்பர் சிலைக்கு அருகே மருமகளை உட்கார வைத்து, "என் ராசாத்தி, நீ கொஞ்சம் இருந்து ஓய்வெடும்மா" என்று கல்லுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் மாவாட்ட விட்டார்கள். ஏழாவது வார்டு உறுப்பினர் தினமும் காலை நடைக்கு வந்து முப்பத்திரண்டு சிலைகளின் காதிலும் தன் சாதனைகள் அத்தனையையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போனார். மொத்தம் மூன்று நிமிஷம் ஆகும்.

நகராட்சி சும்மா இருக்குமா? உதிர்ந்த காதுகள் அனைத்தும் நகராட்சிச் சொத்து என்று பலகை வைத்தது. காதுப் பிரிவு என்று ஒன்றைத் திறந்து, ஒரு இரும்பு பீரோ, ஒரு பதிவேடு, இம்மானுவேல் என்று ஒரு எழுத்தர் என நியமித்தது. காதைக் கேட்டு, அதில் இருப்பது எந்தத் துறை சம்பந்தப்பட்டது என்று எழுதி, தலைவரைப் பற்றியது என்றால் பீரோவில் பூட்டி, மற்றதை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. பீரோ சீக்கிரமே நிரம்பிவிட்டது. ஊர் தன் பங்குக்கு ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டது: உதிர்கிற காது யார் மடியில் விழுகிறதோ அவருக்குத்தான் முதல் கேள்வி, அதாவது காதில் வைத்து முதலில் கேட்கிற உரிமை, அதுவும் ஒரே ஒரு முறை; அவர் கேட்டு முடிக்கும்வரை நகராட்சியே ஆனாலும் கைவைக்கக் கூடாது. ஆகவே ஐப்பசி வந்தால் பெண்கள் முந்தானையையும் ஆண்கள் வேட்டி மடியையும் ஏந்திக்கொண்டு சிலைகளின் கீழே மழையில் நனைந்து நிற்பார்கள். பக்கத்தில் 'இலையுதிர்கால விழா' மேடையில் பூவலிங்கம் கோட்டும் கழுத்தில் கம்பளி மப்ளருமாக வியர்த்து வழிந்துகொண்டு, கைகோத்து நடங்கள், தயவுசெய்து கைகோத்து நடங்கள் என்று மைக்கில் மன்றாடுவார்.

இந்த ஊரில்தான் கோமதிநாயகம் என்று ஒரு மனுஷர், அறுபத்தெட்டு வயது, இந்த ஐப்பசியில் பயத்தில் பாதி செத்துக்கொண்டிருந்தார்.

பேருந்து நிலையத்தில் முப்பத்துமூன்று வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அதட்டி அனுப்புவது உத்தியோகம், ஆகவே குரல்தான் அவருக்கு உத்தியோகம். மைக் பழுதான நாட்களில்கூட அவர் "ஏய் ராஜபாளையம், எடுய்யா வண்டிய!" என்றால் ராஜபாளையம் டிரைவர் மட்டுமல்ல, டீ குடித்துக்கொண்டிருந்த மற்ற மூன்று டிரைவர்களும் கிளாஸை வைத்துவிட்டு ஓடுவார்கள். அந்தக் குரல் இந்த வருஷம் ஆடி மாதத்தோடு போய்விட்டது. நாற்பது வருஷப் புகையிலை தொண்டையில் கட்டியாகி உட்கார, டாக்டர்கள் குரல்வளையையே எடுத்துவிட்டு, மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை போட்டு, மேலே ஒரு மெல்லிய துணியைக் கட்டி அனுப்பினார்கள். கழுத்தில் ஒட்டி வைத்துப் பேச ஒரு மிஷினும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை வைத்து அவர் முதல்முறை பேசியபோது, மிக்சியை அணைக்காமல் வந்துவிட்டோமோ என்று பெண்டாட்டி பேச்சியம்மாள் அடுப்படிக்கு ஓடிப் பார்த்தாள். அன்றோடு மிஷின் பீரோவுக்குள் போனது. அதன்பிறகு பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டுவதுதான் அவர் பேச்சு, அதிலும் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் அதட்டலாக ஒரு கோடு இருக்கும்.

அவர் குரல் எங்கேயும் பதிவாகியிருக்கவில்லை. மகள் போனில் பிடிக்கப் பார்த்தபோதெல்லாம், "என் குரலைப் பிடிச்சு வச்சு என்ன, ஊறுகாயா போடப் போறே?" என்று விரட்டிவிட்டார். பேச்சியம்மாள் ஆவணி முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் ஈயாடுகிற சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி. நாற்பத்தொரு வருஷம் எந்த அதட்டலுக்குப் பயந்து டம்ளரைச் சத்தமில்லாமல் வைக்கக் கற்றுக்கொண்டாளோ, அந்த அதட்டல் இல்லாமல் போனதும் அவளுக்கு வீட்டில் எதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. புரட்டாசியில் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஏங்க, ஒன்பதாம் நம்பர் சிலை இன்னும் காது உதிர்க்கலைல்ல?"

கோமதிநாயகத்தின் கழுத்துத் துணி ஒரு தரம் உள்ளே போய் வெளியே வந்தது.

அவர் பயத்துக்குக் காரணம் இதுதான். கல்யாண நாளுக்கு எங்கேயாவது வெளியே போய்விட்டு வாங்களேன் என்று மகள் ஒரு வருஷம் நச்சரிக்கப்போய், அவர் பெரிய மனசு பண்ணிப் பெண்டாட்டியைச் சிற்பப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். அதிலிருந்து வருஷாவருஷம் ஐப்பசி பதினாலாம் தேதி அங்கேதான். பூங்கா பக்கத்திலேயே இருந்தது, சீட்டு வாங்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும்விட ஒன்பதாம் நம்பர் பெஞ்சில் உட்கார்ந்தால் சுற்றுச்சுவரின் இடிந்த இடைவெளி வழியாக நிலையத்திலிருந்து வெளியேறுகிற வண்டிகள் தெரியும். கடிகாரத்தைப் பார்த்து எது எத்தனை நிமிஷம் தாமதம் என்று ஏசிக்கொண்டே இருக்கலாம். அதைவிடச் சல்லாபம் அவருக்கு வேறென்ன வேண்டும்? பெஞ்சுக்கு மேலே நின்ற சிலைக்குப் பலகையில் 'தாய்மை' என்று பேர். குழந்தைக்கான கல் வந்து சேரவில்லை என்பதால் தாய் மட்டும் வெறுங்கையைத் தொட்டில் மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வலது காது கழிப்பறைப் பக்கம். இடது காது பெஞ்சுப் பக்கம்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி பதினாலில், பேச்சியம்மாள் அவித்த கடலை வாங்க வாசலுக்குப் போயிருந்தபோது, டிரைவர் சண்முகவேல் அந்தப் பக்கம் வந்தார். "என்ன டைம் கீப்பரே, இந்த வயசுல வீட்டம்மாவோட பூங்காவா? குடுத்து வச்ச ஆளுதான்" என்று கண்ணடித்தார். ஆம்பிளையின் மானம் அந்த இடத்தில்தானே வந்து முட்டும்? கோமதிநாயகம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நிலையமே கேட்கிற குரலில் சொன்னார்:

"அட நீ வேற! நான் பொண்ணு பார்க்கப் போனது இவ அக்காளை. சாயங்கால இருட்டுல மாத்தி இவளை என் தலையில கட்டிட்டானுங்க. இருபத்தேழு வருஷமா கண்டமான வண்டிய ரூட்ல ஓட்டிக்கிட்டிருக்கேன்யா!"

கண்டமான வண்டி என்றால், இனி ரோட்டில் ஓட லாயக்கில்லை என்று ஓரங்கட்டி, உடைக்க எழுதி வைத்த வண்டி. சண்முகவேல் விழுந்து விழுந்து சிரித்தார். உண்மையோ வேறு. அக்காளைப் பார்க்கப் போன இடத்தில், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் போன தங்கச்சியைப் பார்த்து, கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று இரண்டு வீட்டையும் மூன்று மாசம் ஆட்டி வைத்தவர் இதே கோமதிநாயகம்தான். பெரியவர்கள் மானத்துக்கு அஞ்சி ஜாதகம் சேரவில்லை, அது இது என்று பூசி மெழுகிவிட்டார்கள். அவரும் அதை ஒருவரிடமும், தண்ணீர் கொண்டுவந்தவளிடம்கூட, சொன்னதில்லை. சொன்னால் கெத்து போய்விடாதா?

இப்போது புரட்டாசி கடைசியில் ஒன்பதாம் நம்பர் சிலையின் இடது காதோரம் கோடு விழுந்துவிட்டது.

குரல் இருந்த காலத்தில் கோமதிநாயகம் எந்தத் தப்பையும் குரலால்தான் தாண்டி வந்தார். கொஞ்சம் ஓங்கிக் கத்தினால் தப்பு எதிராளி மேல் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போது கத்த வழியில்லை. எழுதிப் பார்த்தார். முதல் தாளில் 'மேற்படி பேச்சு நடந்த சூழ்நிலை குறித்து விளக்கம்' என்று வந்தது. இரண்டாம் தாளில் 'தாமதத்துக்கு வருந்துகிறேன், இனி இதுபோல் நிகழாது' என்று வந்தது. முப்பத்துமூன்று வருஷம் டெப்போவுக்கு எழுதின கைக்குப் பெண்டாட்டிக்கு எழுத எங்கே தெரியும்? ஏழு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒருநாள் காலை நடைக்குப் போகிற சாக்கில் டிபன் டப்பாவில் சிமெண்ட்டைக் குழைத்து எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் கல்யாணத் தரகர் ஒருவரும் ஆளுக்கொரு டப்பாவோடு சிலைக்கு அடியில் நின்றிருந்தார்கள்.

"வாங்க, வாங்க. நீங்களும் இங்கதான் உக்காந்து பேசினீங்களா?" என்று தலைமையாசிரியர் ரேஷன் வரிசையில் இடம் விடுவதுபோல் நகர்ந்துகொண்டார்.

மூன்று பெரிய மனுஷர்களும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, தாய்மைச் சிலையின் காதைச் சுற்றி, பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி சிமெண்ட்டை அப்பினார்கள். மத்தியானம் ஒரு மழை. அவ்வளவும் கரைந்து தாய்மையின் கன்னத்தில் வழிந்தது. கோடு முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தது.

ஐப்பசி பதினாலு வந்தது. வயிற்று வலி என்று எழுதிக் காட்டினார். பேச்சியம்மாள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். மழை வருகிறது என்று எழுதினார். குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள். சட்டைப்பையில் எட்டாவது தாள் மடித்து இருந்தது. அதில் 'மன்னிக்கவும்' என்று ஒரு வார்த்தையும் கீழே ஒரு கோடும் மட்டும்.

பூங்காவில் நகராட்சி இந்த வருஷம் ஒரு குறையும் வைக்கவில்லை. கழிப்பறை மொட்டைமாடியில் நாலு பேரை ஏற்றிவிட்டுச் சிவப்பும் மஞ்சளுமாகக் காகித இலைகளைக் கூடை கூடையாகக் கொட்டச் சொல்லியிருந்தது. தூறலில் இலைகளின் சாயம் இறங்கி, வந்தவர் வேட்டி சட்டையெல்லாம் மஞ்சள் நீராட்டு நடந்த மாதிரி ஆகியிருந்தது. பூவலிங்கம் மேடையிலிருந்து இவர்களைப் பார்த்துவிட்டார்.

"அதோ! நம்ம ஊரின் முன்மாதிரித் தம்பதி! எல்லாரும் பாருங்க! ஐயா, அம்மா கையைப் பிடிங்க! கூச்சப்படாதீங்க!"

நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோமதிநாயகம் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கையைக் கொடுங்க, வழுக்குது" என்று பேச்சியம்மாள் தானே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தொரு வருஷத்தில் ஊரறிய அதுதான் முதல் தடவை. அவர் கை ஜில்லென்று இருந்ததை அவள் கவனித்தாள், பிடியை இறுக்கிக்கொண்டாள்.

ஒன்பதாம் நம்பர் பெஞ்சைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். தலைமையாசிரியரும் தரகரும் வேட்டியை மடி ஏந்தி, எமனுக்குக் காத்திருக்கிற முகத்தோடு நின்றார்கள். எழுத்தர் இம்மானுவேல் பதிவேட்டைப் பாலித்தீன் பையில் சுற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். பேச்சியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் காதுக்கு நேர் கீழே முந்தானையை விரித்தாள். கோமதிநாயகத்துக்கு ஒரே ஒரு யோசனைதான் பாக்கி: தன் மடியில் விழுந்துவிட்டால் முதல் கேள்வி தன்னுடையது; கேட்கிற சாக்கில் கை நழுவிப் போட்டு நாலு துண்டாக்கிவிடலாம். வேட்டியை ஏந்திக்கொண்டு பெண்டாட்டியை முழங்கையால் நெட்டினார். அவள் நகரவில்லை. "சும்மா நில்லுங்க" என்றாள். அப்படி ஒரு கண்டிப்பை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை.

கடையநல்லூர் வண்டி நாலு நிமிஷம் தாமதமாக வெளியேறியபோது காது உதிர்ந்தது. சத்தமே இல்லை. முற்றின சருகு கழன்றுகொள்வதுபோல் கழன்று, காற்றில் ஒரு தரம் புரண்டு, பேச்சியம்மாளின் முந்தானையில் விழுந்தது.

அவள் அதை எடுத்து மழைத்தண்ணீரைத் துடைத்துக் காதில் வைத்தாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும், தெரிந்த பாட்டுக்கு அசைகிற மாதிரி, லேசாக அசைந்தது. பிறகு முகம் கோணிக்கொண்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒருமுறைதான் கேட்கலாம் என்பது வழக்கம். அவள் மூன்று முறை கேட்டாள். கோமதிநாயகம் எட்டாவது தாளை நீட்டினார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலை" என்று அவள் தாளை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இம்மானுவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு கையை நீட்டினார். வாங்கிக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் செம்பருத்தியாகிவிட்டது. பேச்சியம்மாளைப் பார்த்தார், கோமதிநாயகத்தின் கழுத்துத் துணியைப் பார்த்தார், கடைசியில் பதிவேட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: 'பொருள்: பழைய பேருந்து ஒன்றின் நிலை. துறை: போக்குவரத்து. தலைவர் சம்பந்தம்: இல்லை.'

"இதை நீங்களே வச்சுக்கோங்கம்மா" என்று காதைத் திருப்பிக் கொடுத்தார்.

தங்கள் விவகாரம் இல்லை என்று தெரிந்ததும் தலைமையாசிரியரும் தரகரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஜோடி ஒன்று கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்த்து மேடையிலிருந்து பூவலிங்கம் கைதட்டினார். வெறும் பேருந்துச் சமாசாரம் என்றதும் கூட்டம் கலைந்து போனது. பெஞ்சில் இரண்டு பேரும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாள் மடியில் காதை வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷம், கடலை ஆறிப்போச்சுன்னு இதே பெஞ்சுல என்னை ஏசினீங்களே, ஞாபகம் இருக்கா?"

அவர் தலையை ஆட்டினார். அவர் எதற்குத்தான் ஏசவில்லை?

"சூடாத்தான் வாங்கிட்டு வந்தேன். இந்தச் சிலைக்குப் பின்னாடிதான் நின்னேன். சண்முகவேல் அண்ணன் போகட்டும், அவர் முன்னாடி போய் நின்னா உங்களுக்குத்தான் அசிங்கம்னு நின்னேன். அதுல ஆறிப்போச்சு."

கோமதிநாயகம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கழுத்துத் துளையில் மூச்சு விசிலடித்தது. பதினாலு வருஷம். இந்தப் பதினாலு வருஷமும் அவள் அதை வைத்துக்கொண்டுதான் தோசை சுட்டாள், அதை வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரியில் அவர் எச்சில் கிண்ணத்தைக் கழுவினாள்.

"வலிக்காம இருக்குமா? அந்த வருஷம் பூரா எனக்குப் பஸ்ஸைப் பார்த்தாலே அழுகை வரும்" என்றாள். பிறகு காதை எடுத்து ஓரத்தில் ஒட்டியிருந்த சிமெண்ட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "யாரு இந்தச் சிமெண்ட்டை அப்பினது? கூறுகெட்டவங்க" என்றாள்.

அவர் மழையைப் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட நீங்க பேசினதெல்லாம் 'ம்', 'உப்பு இல்லை', 'சாவி எங்கே', அவ்வளவுதானே? இந்தக் காது அதுல ஒண்ணைப் பிடிச்சு வச்சிருந்தா நான் எங்க போவேன்? நாலு பேர் முன்னாடி பேசறப்போதான் உங்க குரல் குரலா இருக்கும். அன்னைக்கு இருந்துச்சு. அதுக்குத்தான் புரட்டாசி சனிக்கிழமை தவறாம பெருமாளுக்கு விளக்குப் போட்டேன், அந்தப் பேச்சாவே இருக்கணும் சாமின்னு."

அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. அவள் காதை எடுத்து அவர் காதில் வைத்தாள். ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் தன் குரலை இப்போதுதான் கேட்கிறார். கணீரென்று, கெத்தாக, நிலையமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, எவ்வளவு நல்ல குரல் அது! இருபத்தேழு வருஷமா கண்டமான வண்டிய ரூட்ல ஓட்டிக்கிட்டிருக்கேன்யா. கோமதிநாயகம் டைம் கீப்பர், பேருந்து நிலையமே நடுங்கின மனுஷன், காகித இலைகளுக்கு நடுவே உட்கார்ந்து சத்தமில்லாமல் தேம்பித் தேம்பி அழுதார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பேச்சியம்மாள் காபியைக் கலந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, அரிசிப் பானைக்குள்ளிருந்து காதை எடுத்து வந்து உட்கார்ந்து கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டாள். அதற்கு மறுநாளும். அதற்கு மறுநாளும். மகள் போனில், "என்னம்மா, அப்பா என்ன சொல்றாரு?" என்று கேட்டால், "வழக்கமா சொல்றதைத்தான் சொல்றாரு" என்பாள். கோமதிநாயகம் டம்ளரைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். முப்பத்துமூன்று வருஷம் உத்தியோகத்தில் அவருக்கு ஒரு மெமோகூட வந்ததில்லை. இப்போது தினம் காலை ஆறு மணிக்கு ஒன்று, யார் கையெழுத்தும் இல்லாமல், அவர் குரலிலேயே வந்தது.

கார்த்திகை பிறந்த பத்தாம் நாள் அவர் ஒரு முழு டிரிப் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்து எழுதினார். கிழிக்கவில்லை, கோடும் போடவில்லை. எழுதி, அவள் கண்ணாடியையும் தேடி எடுத்துக்கொண்டு வந்து, இரண்டையும் காபிக்குப் பக்கத்தில் வைத்தார். பேச்சியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'பெண் பார்க்க வந்தன்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவளைத்தான் நான் கேட்டேன். அக்காளை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மூன்று மாதம் சண்டை போட்டுத்தான் உன்னைக் கட்டினேன்.'

இரண்டு தரம் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் படித்தாள். பிறகு தாளை நாலாக மடித்து, கல்லை வைப்பதுபோலவே தன் காதில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கேக்கலைங்க" என்றாள். "ஒரு தடவை, அந்தக் கல்லுகிட்டயாவது வாய்விட்டுச் சொல்லி வச்சிருக்கலாம்ல?"

தாளைப் பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். அரிசிப் பானையிலிருந்து காதை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காபி ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு, கல்லைக் காதில் வைத்துக்கொண்டாள்.